கொடுங்க, நான் பண்றேன்

சுவரில் ஆணி இறங்கிவிட்டது. இனி திரையில் என் கணவர் தாவ வேண்டும். தாவி, கையிலிருக்கும் சுத்தியல் தலையை ஆணியில் மாட்டி, ஊஞ்சல் மாதிரி ஒரு வீச்சு வீசி, எதிரே இருக்கும் பலகையில் போய் இறங்க வேண்டும். மூன்று நொடி வேலை. அவர் தாவினார். ஆணிக்குக் கீழே போய் விழுந்தார். திரும்ப வந்து நின்றார். இந்த முறை சரியான உயரம், ஆனால் பட்டனை அழுத்த மறந்துவிட்டார். விழுந்தார்.

எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. என் ஆள் ஆணி எறிகிறவன். எறிந்தாயிற்று. அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறான். ஒன்பதாவது முறை அவர் விழுந்தபோது என் கை தானாக நீண்டது. வாயும் தானாகச் சொன்னது: "கொடுங்க, நான் பண்றேன்."

கவனியுங்கள், 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவர் தன் கன்ட்ரோலரைக் கொடுத்தார். நான் ஒரே தாவில் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "அவ்ளோதான், ஈஸி" என்று வேறு சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் பதிலை எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஆணியை எறிந்தேன்.

ஆட்டத்தின் பெயர் 'இட் டேக்ஸ் டூ'. ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஹேஸ்லைட் ஸ்டுடியோஸ் செய்தது, 2021 மார்ச்சில் வெளிவந்தது. 'இரண்டு கை தட்டினால்தான் ஓசை' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான் தலைப்பின் பொருள். அந்தப் பழமொழியை நாம் எப்போது எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தால் யாரும் அதைச் சொல்வதில்லை. சண்டை நடந்த பிறகு, பஞ்சாயத்துக்கு வந்தவர் சொல்வார். தப்பு உன் மேலயும் இருக்கு, அவர் மேலயும் இருக்கு என்பதற்கான நாகரிகமான வழி அது. இந்த ஆட்டமும் அப்படியொரு பஞ்சாயத்தில்தான் தொடங்குகிறது.

தம்பதியின் பெயர் மே, கோடி. தமிழில் எழுதினால் மனைவி ஒரு மாதம், கணவன் ஓர் எண். என்ன செய்வது. விவாகரத்து செய்யப் போகிறோம் என்று மகள் ரோஸிடம் சொல்லிவிடுகிறார்கள். அவள் தான் செய்த இரண்டு பொம்மைகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அழுகிறாள். கண்ணீர் பொம்மைகள் மேல் விழுகிறது. அம்மாவும் அப்பாவும் அந்தப் பொம்மைகளாகவே மாறிவிடுகிறார்கள். மே மரப்பொம்மை, கோடி களிமண் பொம்மை. அப்புறம் விரலளவு உடம்போடு சொந்த வீட்டையே தாண்டிப் போக வேண்டும். பழுதாகிக் கிடக்கும் வேக்குவம் கிளீனர் அவர்களைக் கொல்லப் பார்க்கிறது. கருவிப்பெட்டி பழி வாங்குகிறது. கவனிக்காமல் விட்ட பொருளெல்லாம் எதிரியாக வருகிறது. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

தனியாக இதை ஆடவே முடியாது. கம்ப்யூட்டரே இன்னொரு ஆளாக வந்து உதவும் ஏற்பாடும் கிடையாது. இரண்டாவது கன்ட்ரோலரை யாராவது கையில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தொடங்காது. தூரத்தில் இருக்கும் நண்பரோடு ஆடுவதென்றால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃபிரெண்ட்ஸ் பாஸ் என்ற வசதியில் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். 2023 தொடக்கத்திலேயே ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றுவிட்டார்கள். அப்படியானால் உலகத்தில் எத்தனை வீட்டு சோபாவில் எத்தனை ஜோடி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்!

எங்கள் வீட்டில் ஆடுகிறவள் நான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கன்ட்ரோலரும் கையுமாக வளர்ந்தவள். அவர் பழைய போனில் பாம்பு விட்டதோடு சரி. பதினோரு வருடத்தில் நான் ஆடும்போது அவர் பக்கத்தில் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவே எங்களுக்குச் சேர்ந்திருப்பது. பெரிய சண்டை எதுவும் இல்லை. யாராவது கேட்டால் "நல்லா இருக்கோம்" என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகாது. இப்போது நினைத்தால், அந்த ஒரு நொடியை நான் எடுத்திருக்கலாம்.

இந்த ஆட்டத்தை இயக்கிய யோசெஃப் ஃபாரெஸின் முதல் ஆட்டத்தை நான் பல வருடம் முன்பே ஆடியிருந்தேன். 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்', 2013-இல் வந்தது. லெபனானில் பிறந்து, சிறுவனாக ஸ்வீடனுக்கு வந்து, படங்கள் எடுத்துவிட்டு ஆட்டங்களுக்கு வந்தவர் அவர். அந்த முதல் ஆட்டத்தில் அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். ஆனால் ஆடுவது ஒரே ஆள். இடது கட்டைவிரல் அண்ணனை நடத்தும், வலது கட்டைவிரல் தம்பியை நடத்தும். பலருக்கு அது மண்டையைக் குழப்பியதாம். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தியே செய்வது எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. 2018-இல் வந்த 'எ வே அவுட்'டில் அவர் மனதை மாற்றிக்கொண்டார். சிறையிலிருந்து தப்பும் இரண்டு பேர், ஆடுவதற்கும் கட்டாயம் இரண்டு பேர். அதை நான் வாங்கவில்லை. துணைக்கு ஆளைத் தேடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இதை மட்டும் ஏன் வாங்கினேன்? விருது வாங்கியதுதான் காரணம், பெரிய காரணமெல்லாம் இல்லை. 2021 கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வருடம் முன்பு அதே மேடையில் ஃபாரெஸ் ஆஸ்கர் விருதைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியது இணையம் முழுக்கச் சுற்றியது. அந்த மனிதர் கல்யாணத்தைப் பற்றி என்னதான் சொல்லிவிடப் போகிறார் என்ற ஆர்வமும் இருந்தது.

உண்மையைச் சொன்னால், கல்யாணத்தைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொல்வது ஒன்றும் பெரிதாக இல்லை. டாக்டர் ஹக்கீம் என்று ஒரு புத்தகம். காதலைப் பற்றி ரோஸ் வைத்திருந்த புத்தகம் உயிர் பெற்று, மீசை வைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்து குதிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தலைப்பு கொடுக்கும்: ஒத்துழைப்பு, நேரம், ஈர்ப்பு, ஆர்வம். பிரிய முடிவெடுத்த இரண்டு பெரியவர்களைக் கேட்காமல் கொள்ளாமல் பிடித்து அடைத்து, சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்று வதைக்கிற ஆலோசகரை நிஜத்தில் யாரும் இரண்டாவது முறை போய்ப் பார்க்க மாட்டார்கள். கோடிக்கும் ஹக்கீமுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே நடிகர் என்று பிறகு தெரிந்தபோது, அதனால்தான் இரண்டு பேரும் ஒரே அளவுக்கு எரிச்சல் மூட்டினார்களோ என்று தோன்றியது. கதை என்னை அதிகம் தொடவில்லை. தொட்டது விதி.

விதி இதுதான். கட்டத்துக்குக் கட்டம் இரண்டு பேருக்கும் வேறு வேறு கருவி. நான் கோடி, அவர் மே. கொட்டகையில் எனக்கு ஆணி, அவருக்குச் சுத்தியல். மரத்தில் எனக்குப் பிசின் பீய்ச்சும் துப்பாக்கி, அவருக்குத் தீக்குச்சி எய்யும் துப்பாக்கி. நான் பூசாத இடத்தில் அவர் சுட்டால் ஒன்றும் ஆகாது. அவர் சுடாவிட்டால் என் பிசின் வெறும் பிசின். விண்வெளி நிலையத்தில் அவர் சுவரிலும் கூரையிலும் நடப்பார், நான் ராட்சசனாகவும் எறும்பாகவும் மாறுவேன். எங்கேயும் ஒருவர் வேலை மற்றவருக்கு வராது. ஒன்றைப் பழகிக் கைவரும் நேரத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஆக, இருபது வருட அனுபவம் எனக்குப் பாதி வேலைக்குத்தான் உதவும். மீதிப் பாதி பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல எது தாவற பட்டன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த விதியை ஆட்டத்துக்குள்ளே மீற முடியாது. வெளியே மீறலாம். கையை நீட்டி வாங்கினால் ஆயிற்று. நான் மீறினேன். கொட்டகையில் நான்கு முறை, மரத்தில் எத்தனை முறை என்று நினைவில்லை. எங்கள் பத்து வயது மகள் எண்ணியிருக்கிறாள். குளவி ராணியோடு சண்டை நடக்கும்போது பின்னாலிருந்து, "அம்மா, இது எட்டு" என்றாள். எதை எண்ணுகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இன்னொன்றையும் அவள்தான் முதலில் பார்த்தாள். திரை பெரும்பாலும் நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும், இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி மற்றவருக்கு. வேறு வேறு வீட்டிலிருந்து ஆடினாலும் இப்படித்தான். மற்றவர் எங்கே பார்க்கிறார் என்பது எப்போதும் நம் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது திட்டம். மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா பக்கம் அழகா இருக்கு. உன் பக்கத்துல ஒண்ணுமே இல்லயே."

நிஜம்தான். என் பாதியில் எப்போதும் அடுத்த பலகை, அடுத்த கதவு, அடுத்த நெம்புகோல். அவர் பாதியில் மரப்பட்டை மேல் விழும் வெயில், தூரத்தில் ஏதோ வேலையாக ஓடும் அணில்கள், கண்ணாடிக் குப்பிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பூச்சி. ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம், இரண்டு வேறு ஆட்டம் ஓடுகிறது. பதினோரு வருடமாக அவர் எங்கே பார்க்கிறார் என்பது எனக்குத் திரை போட்டுக் காட்டியதுபோல் ஒரு நாளும் தெரிந்ததில்லை. தெரிந்தபோது நான் செய்தது என்ன? "வாங்க, லேட் ஆகுது" என்றேன். ராத்திரி ஒன்பதரை. எதற்கு லேட்?

ரோஸின் அறைக் கட்டத்தில் ஒரு கோட்டை வரும். அங்கே ஒரு சதுரங்கப் பலகை இருக்கிறது. கதைக்குச் சம்பந்தமில்லாத, சும்மா விளையாடக்கூடிய மினி கேம்களில் ஒன்று. மொத்தம் இருபத்தைந்து இருக்கின்றன, மற்றவற்றில் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். சதுரங்கத்தில் மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் தோற்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. காயை நகர்த்துவதற்கு முன் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான்காவது ஆட்டம் வேண்டாம், கதைக்குப் போகலாம் என்றேன்.

போனோம். போயிருக்க வேண்டாம்.

இந்த ஆட்டத்தைத் தெரிந்தவர்களிடம் 'யானை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். ரோஸுக்கு மிகவும் பிடித்த பொம்மை, கியூட்டி என்ற துணி யானை. பொம்மை ராஜ்யத்தின் ராணி. மகளின் கண்ணீரால்தான் பொம்மையானோம், அவளை மறுபடி அழ வைத்தால் மனிதராகலாம் என்று மேவும் கோடியும் கணக்குப் போடுகிறார்கள். அழ வைக்க என்ன வழி? அவளுக்கு மிகவும் பிடித்ததை அழித்துவிடுவது. யானை கொஞ்சமும் சந்தேகப்படாமல் அன்பாக வரவேற்கிறது. விஷயம் புரிந்ததும் ஓடுகிறது, கெஞ்சுகிறது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உயரத்திலிருந்து தள்ள வேண்டும். காது கிழிகிறது. காலும் கிழிகிறது. சினிமா மாதிரி பார்த்துக்கொண்டிருக்க விட மாட்டார்கள். நாம்தான் பட்டனை அழுத்தி இழுக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து.

மகள் தூங்கிவிட்டாள் என்பதில் அன்றைக்கு எனக்கு நிம்மதி. டிவி சத்தத்தைக் குறைத்தேன். அவர் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்தார்.

"நான் பண்ண மாட்டேன்."

"கதை அப்படித்தான். பண்ணாம அடுத்த லெவல் வராது."

"வர வேண்டாம்."

"பொம்மைங்க அது. அதுவும் ஆட்டத்துக்குள்ள இருக்கிற பொம்மை."

"தெரியும்."

திரையில் யானை அப்படியே காத்திருந்தது. இந்த ஆட்டம் காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் இரண்டாவது ஆள் வருகிற வரை நகராது. நான் காத்திருக்கவில்லை. கையை நீட்டினேன். "கொடுங்க, நான் பண்றேன்."

அவர் கன்ட்ரோலரை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி போனார்.

ஒரு கன்ட்ரோலரை மடியில் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டு, இன்னொன்றை வலது கையில் பிடித்து, மேயையும் கோடியையும் நானே நடத்தினேன். அந்த அண்ணன் தம்பி ஆட்டத்தில் கற்ற வித்தை கைகொடுத்தது. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய பாவத்தை ஒருத்தியே செய்து முடித்தேன். யானை விழுந்தது. ரோஸ் அழுதாள். மேவும் கோடியும் மகளின் கண்ணீரில் ஆனந்தமாக நனைந்து குதித்தார்கள். ஒன்றும் மாறவில்லை. பொம்மை பொம்மையாகவே நின்றது. நான் இரண்டு கன்ட்ரோலரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து அவர் வந்து வாசற்படியில் நின்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அழுதுச்சா?"

"யாரு, ரோஸா?"

"யானை."

இந்த இடத்தைப் பற்றி இணையத்தில் நிறைய பேர் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு கொடுமை தேவையா, இதற்குப் பிறகு இந்தப் பெற்றோர் மேல் எப்படி இரக்கம் வரும் என்று. என் கருத்து வேறு. மொத்த ஆட்டத்திலும் பொய் இல்லாத காட்சி அது ஒன்றுதான். சண்டையில் இருக்கும் பெரியவர்கள், தங்கள் விஷயம் முடிய வேண்டும் என்பதற்காகக் குழந்தையிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். கெட்டவர்களாக இருந்து செய்வதில்லை, அவசரத்தில் இருந்து செய்வார்கள். ஆனால் அடுத்த கட்டத்திலேயே கதை அதை மறந்துவிட்டு ஜாலியாகப் போவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் நாங்கள் ஆடவில்லை. காரணம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு வேலை, அவருக்கு வேலை. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் கேட்டேன், யானைக்காகக் கோபமா என்று.

"அது இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் விழுந்துகிட்டே இருந்தா நீ எப்படியும் வாங்கிக்கப் போற. அப்புறம் நான் எதுக்கு ஆரம்பிக்கணும்?"

ஆட்டத்தைப் பற்றித்தான் சொன்னார். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் வீடு முழுக்க நடந்து போவதை நான் பார்த்தேன். புத்தக அலமாரியை அவர் பாதி பூட்டியிருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டேன். விண்ணப்பம் நிரப்பும்போது பேனாவை வாங்கிக்கொண்டேன். பெட்டியில் அவர் அடுக்கிய துணியை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கினேன். மகளுக்கு ஏழு வயது வரை அவர்தான் தலை பின்னிவிடுவார். கோணலாக இருக்கும். பள்ளிக்குக் கிளம்பும் முன் வாசலில் வைத்து நான் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவேன். ஒரு நாள் அவர் நிறுத்திவிட்டார். எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்திவிட்டார் என்பதையே அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தேன். இவ்வளவு காலமும் நான் அவருக்கு உதவி செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். "எல்லாத்தையும் நானே பாக்க வேண்டியிருக்கு" என்று தோழிகளிடம் அலுத்துக்கொண்டும் இருந்தேன். அலுத்துக்கொண்டதில் பெருமையும் கொஞ்சம் இருந்தது.

அவரை முழுக்க நல்லவராக்கி எழுதவும் எனக்கு இஷ்டமில்லை. கொடுத்துவிட்டுப் போவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. பேனா கைமாறினால் விண்ணப்பத்தில் வரும் தப்பும் கைமாறும். இதை அவரிடமே சொன்னேன். "அதுவும் உண்டு" என்றார். இரண்டு கை ஓசை.

அன்று இரவே மறுபடி தொடங்கினோம். அடுத்தது கடிகாரக் கட்டம். குயில் வந்து கூவுமே, அந்த வகைக் கடிகாரத்துக்குள்ளே போகிறோம். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எது வர வேண்டும் என்று யோசித்தவர்கள் எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்களோ என்று சந்தேகம் வந்தது. ஏனென்றால் இங்கே கோடியின் கையில் காலம். உடைந்து விழுந்த பாலத்தை நான் பின்னோக்கி ஓட்டி, மறுபடி முழுப் பாலமாக்கிப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடியை விட்டால் பாலம் மறுபடி உடையும். மே தன்னைப் போலவே ஒரு நகலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வேறிடத்துக்குப் போய், நினைத்த நேரத்தில் நகல் இருந்த இடத்துக்கே திரும்பிவிடலாம். ஆக, அவர் போய், நகலை வைத்து, நெம்புகோலை இழுத்து, திரும்பி வந்து தாவி முடிக்கிறவரை நான் காலத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். என் கை காலியாக இல்லை. யாருடைய கன்ட்ரோலரையும் வாங்க முடியாது.

முதல் சில தடவை அவர் பாதி வழியில் இருக்கும்போதே நான் பிடியை விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. என் கணக்குப்படி அவர் அந்நேரம் சேர்ந்திருக்க வேண்டும். அவர் என் கணக்கில் நடக்கவில்லை. பாலம் உடைந்து அவர் விழுந்தார். "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவருடைய பாதித் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பார்த்தேன். நெம்புகோலுக்குப் போகும் வழியில் நின்று, பெரிய பல்சக்கரம் ஒன்று சுற்றுவதை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் போனார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சக்கரம் நன்றாகத்தான் இருந்தது.

பனிக் கோளக் கட்டத்தில் ஆளுக்குப் பாதிக் காந்தம் கொடுக்கிறார்கள். அழகு, ஆனால் சொல்ல அதிகமில்லை. தோட்டத்தில் நான் செடியாக மாறினேன், அவர் தண்ணீர் ஊற்றினார்.

மாடி அறைதான் கடைசி. மே ஒரு காலத்தில் பாடியவள், விட்டுவிட்டாள். அவளுடைய குரலே அங்கே கருவி. அதாவது அது முழுக்க அவருடைய கட்டம். எனக்கு எறிவதற்கும் கேடயமாகப் பிடிப்பதற்கும் ஒரு ஜால்ரா தட்டு. ஜால்ரா என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது, ஆனால் வேறு சொல் என்ன? கடைசியில் மே மேடையேறிப் பாடுகிறாள். அவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. நான் திரையைவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு, பதினாலு மணி நேரத்தில் முடிக்கலாம் என்கிறார்கள். எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. முடிவில், பெற்றோர் பிரிவதற்குத் தான்தான் காரணம் என்று நினைத்து வீட்டைவிட்டுப் போன ரோஸைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டுபிடிக்கிறார்கள். உன் மேல் தப்பே இல்லை என்று சொல்கிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே இருக்கப் போகிறார்களா என்பதை ஆட்டம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹக்கீமின் அத்தனை பிரசங்கத்துக்கும் பிறகு இவ்வளவு அடக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவங்க சேர்ந்துட்டாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா" என்றேன் நான். "தெரியல" என்றார் அவர். ஒரே நேரத்தில்.

இப்போது அதே ஆட்களின் அடுத்த ஆட்டத்துக்கு வந்திருக்கிறோம். 'ஸ்ப்ளிட் ஃபிக்ஷன்', 2025 மார்ச்சில் வந்தது. அறிவியல் கதை எழுதுகிற ஒருத்தி, மாயக் கதை எழுதுகிற ஒருத்தி. மியோ, ஸோயி. ஃபாரெஸ் தன் மகள்களின் பெயரை வைத்திருக்கிறார். இதில் கல்யாணம் இல்லை, அதனாலேயே கொஞ்சம் இளைப்பாறலாக இருக்கிறது. சோபாவில் எனக்கென்று ஒரு உட்காரும் முறை வந்துவிட்டது. என் வேலை முடிந்து, அவர் வேலை பாக்கி இருக்கும் நேரத்தில் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொள்வேன். மகள் கவனித்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி ஓர் இடம். சுவரிலிருந்து சுவருக்குத் தாவ வேண்டும், நடுவில் ஒரு வாசல் திறந்து திறந்து மூடும். நான் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டேன். அவர் விழுந்தார். திரும்ப வந்தார். வாசல் திறந்து மூடுவதை இரண்டு சுற்று பார்த்தார். தாவினார். விழுந்தார். பதினோராவது முறை விழுந்தபோது என் வலது கை நன்றாக மரத்துப் போயிருந்தது.